மூட்டத்தில் நீ என்ன பார்த்தாய்?

சோமனூர்
4.2.2024

மரியாதைக்குரிய அண்ணனுக்குத் தம்பி காளிராஜ் எழுதுவது.

இங்கே வீட்டில் தங்கலட்சுமிக்கு முழங்கால் வலி. மற்றபடி குறையில்லை. உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது, மதினிக்குச் சர்க்கரை இறங்கியதா என்று எழுதச் சொல்லவும். என் காதைப் பற்றி விசாரிக்க வேண்டாம். விசைத்தறிச் சத்தத்தில் இரண்டும் போய்விட்டன. போனில் நீங்கள் கத்துவதும் ஒன்றுதான், சும்மா இருப்பதும் ஒன்றுதான். இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

நம் இருவருக்கும் பொதுவான காட்டில் சீமைக்கருவை மண்டிக் கிடக்கிறது. வெட்டிக் கரிமூட்டம் போடுங்கள். செலவு என்னுடையது, வேலை உங்களுடையது. மூட்டத்தை ரோட்டோரக் கரிசலில் போட வேண்டும். மேட்டுக்காட்டுக்கு லாரி ஏறாது. ரோட்டோரம் என்றால் நேரே வந்து லோடு ஏற்றிக்கொண்டு போய்விடும்.

யார் யார் வேலைக்கு, யாருக்கு எப்போது காவல் என்று பேர் எழுதி அனுப்பவும். நான் மேஸ்திரியாக இருந்த தறி செட்டில் துணியில் பழுது விழுந்தால் என் முதல் கேள்வி "யார் தறி?" என்பதுதான். பேர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
காளிராஜ்


எம்.ரெட்டியபட்டி
19.2.2024

தம்பி காளிராஜுக்கு அண்ணன் சின்னச்சாமி சொல்லி எழுதுவது.

மூச்சு இழுக்கிறது, ஆனால் நிற்கவில்லை. கருத்தம்மாளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, கோபம் ஏறிவிட்டது. தங்கலட்சுமி காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் நம் ஊர்க் கோகிலாம்பாள் டீச்சர். அங்கன்வாடியில் இருந்து ஓய்வு பெற்றவர். என் பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றிக்கொள்ளட்டும், மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போனில் அடித்து அனுப்பலாமே என்றார். வேண்டாம் என்றேன். நான் பாதி சொல்லும்போதே அது போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வேலைக்கு முத்துத்தாய், அருஞ்சுனை, அவன் பெண்டாட்டி சுபத்ரா, பிறகு பாலமணிகண்டன். விறகை அடுக்கி, தழை போட்டு, மேலே மண் பூசி மூடி, உள்ளே நெருப்பு வைக்க வேண்டும். காற்றுப் புகாமல் விறகு வெந்தால்தான் கரி. பூச்சு பிளந்து காற்று உள்ளே போனால் எல்லாம் சாம்பல். அதனால் நெருப்பு வைத்த நேரத்தில் இருந்து முறை போட்டுக் காவல் இருப்போம்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் முறையில் மூட்டம் பிளக்கிறதோ, அவருக்கு அடுத்த மூட்டத்தில் வேலை கிடையாது. வைத்தவன் நான்தான். உனக்குப் பிடிக்கும்.

நீ சொன்னபடி ரோட்டோரம்தான் போடுகிறோம். பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்.
சின்னச்சாமி


எம்.ரெட்டியபட்டி
24.3.2024

தம்பிக்கு அண்ணன்.

வீட்டில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

மூட்டம் போய்விட்டது. முத்துத்தாய் முறையில் வடக்குப் பக்கம் பிளந்து, தீ நாக்கை வெளியே நீட்டியது. ஓடிப்போய் மண் தள்ளினோம், தண்ணீர் ஊற்றினோம். பிரித்துப் பார்த்தால் கரி என்று ஒரு சாக்குத் தேறவில்லை. உன் லாரி வந்து வெறுமனே திரும்பிப் போனது. டிரைவர் சாம்பலைப் பார்த்துவிட்டு, "பாத்திரம் தேய்க்கக் குடுத்தாலும் ஆகாது பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன்.
சின்னச்சாமி


சோமனூர்
2.4.2024

அண்ணனுக்கு.

எல்லோரும் சுகம். என்னைத் தவிர.

என்ன நடந்தது என்று தெரியவில்லையா? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், முத்துத்தாய் முறை என்று. இதில் தெரிய என்ன இருக்கிறது? உட்கார்ந்து தூங்கியிருப்பாள். உங்கள் வழக்கப்படியே அவளை நிறுத்துங்கள். மற்றவர்களுக்கும் பயம் வரும்.

அடுத்த மூட்டத்துக்குப் புது ஆள் பேரை எழுதவும். மதினிக்கு என் வணக்கம்.
காளிராஜ்


எம்.ரெட்டியபட்டி
14.4.2024

தம்பிக்கு அண்ணன்.

வருசப் பிறப்பும் அதுவுமாக உன் வீட்டில் எல்லோரும் வயிறார உண்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே வெயில் ஆளைத் தின்கிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ எழுதுவதற்கு முன்னாலேயே நான் அதைச் செய்யத்தான் போனேன். சாம்பலைச் சுற்றி நாலு பேரையும் உட்கார வைத்து, "யாரு பண்ணுனது?" என்றேன். அருஞ்சுனை வேப்பங்குச்சியால் பல்லைக் குத்தினான். பாலமணிகண்டன் போனைப் பார்த்தான். சுபத்ரா தலைத்துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். முத்துத்தாய் எழுந்து மண்வெட்டியைத் தோளில் போட்டாள்.

"எங்க போற?"

"அதான் முடிஞ்சு போச்சே அண்ணாச்சி. எம் மொறையிலதான் பொளந்துச்சு. நாந்தான். வேற என்னத்தக் கேக்கப் போறீக?"

"வேற என்ன கேக்கணுங்கற?" எனக்குக் கோபம்தான்.

"என்ன பாத்தன்னு ஒரு தரம் கேட்டிருக்கீகளா? யாரு, யாருன்னு போலீஸ்காரவுக மாதிரி!"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "சரி, கேக்கேன். என்ன பாத்த?" என்றேன்.

"சொன்னா அடுத்த மூட்டத்துக்குக் கூப்புடுவீகளா?"

"கூப்புடுவேன்."

"சொல்லுற எல்லாரையுமா?"

"எல்லாரையும்."

"ஒங்க தம்பி வேணாம்னு சொல்லிட்டாகன்னா?"

"அவன் சோமனூர்ல இருக்கான். நான் இங்க இருக்கேன்."

அதன் பிறகுதான் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். வடக்குப் பக்கம் அடியில் விரல் நுழைகிற வெடிப்பு ஒன்றைப் பார்த்தாளாம். தன் முறையில் விழுந்ததாக்கும் என்று பயந்து, ஈர மண்ணை அப்பி அமுக்கிவிட்டு, யாரிடமும் சொல்லவில்லையாம்.

அருஞ்சுனை வேப்பங்குச்சியைத் துப்பினான். "ஏத்தா, எம் மொறையிலயே இருந்துச்சே அது! நான் அப்பிட்டுப் போனதத்தான் நீ மறுபடி அப்பியிருக்க."

சுபத்ரா அவன் பக்கம் திரும்பினாள். "நீயுமா? வீட்டுல ஒரே தட்டுல சோறு திங்கறோம். எங்கிட்ட மூச்சு விட்டியா நீயி?"

"நீயுமான்னா, அப்ப நீ?"

அவளும்தான். பாலமணிகண்டன் கடைசியில் வாயைத் திறந்தான். "நான் பூசும்போதே கோடு விட்டுச்சு. எம் பூச்சு சரியில்லன்னு வைவீகன்னு மேலாக்க இன்னொரு தரம் இழுத்து விட்டேன்."

தம்பி, நாலு பேரும் ஒரே வெடிப்பைப் பார்த்திருக்கிறார்கள். நாலு பேரும் அது தன்னால் வந்தது என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்து வருகிறவர் கண்ணில் படாமல் நாலு பேரும் மறைத்திருக்கிறார்கள். சொன்னால் வேலை போகும் என்று நான் வைத்த வழக்கம்தான் அவர்கள் கையில் ஈர மண்ணைக் கொடுத்தது. முதலில் சுபத்ரா சிரித்தாள். பிறகு எல்லோருமே சாம்பலுக்கு நடுவே பைத்தியம் மாதிரி சிரித்தோம். ரோட்டில் போன பஸ் நின்று பார்த்துவிட்டுப் போனது.

சிரித்து முடித்ததும் நான் இன்னொன்று கேட்டேன். "நாலு பேரு பூசியும் நிக்கலன்னா, கோளாறு பூசுன கையிலயா இருக்கும்?"

ஒருத்தர் பிளந்து விழுந்த மண் பூச்சைத் திருப்பிப் பார்த்தார், ஒருத்தர் விரலால் பொடித்தார். சுபத்ரா, "இந்த மண்ணு காஞ்சாக் கோடையில காடே பாளம் பாளமா வெடிக்குது. இதுல நெருப்பையும் வச்சா?" என்றாள். அருஞ்சுனை, "முன்னாடி போட்டதெல்லாம் எங்கிட்டு அண்ணாச்சி?" என்றான். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. நான் போட்ட மூட்டம் எல்லாம் எந்தக் காட்டில், எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. மல்லாங்கிணறு போகிற வழியில் போட்டது, திருச்சுழிக்குத் தெற்கே போட்டது, எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தனையும் செவல், செம்மண் மேடு. கரிசலில் ஒன்றுகூட இல்லை. நினைப்பில் எல்லாம் இருந்தது. அதைப் போய்த் தட்ட ஒரு கேள்வி இல்லாமல் இருந்தது.

அடுத்த மூட்டம் மேட்டுக்காட்டில், செவல் மண்ணில். முத்துத்தாய் இருக்கிறாள். பழைய வழக்கத்தை எடுத்துவிட்டேன்.
சின்னச்சாமி

(கோகிலாம்பாள் எழுதுவது: ரோட்டோரக் கரிசலைத் தேர்ந்தெடுத்தது யார் என்று ஒரு வரி சேர்க்கவா என்று கேட்டேன். "அந்தக் கேள்வியத்தான் டீச்சர் விட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டார்.)


சோமனூர்
25.4.2024

அண்ணனுக்கு.

தங்கலட்சுமி கால் அப்படியே இருக்கிறது. மற்றபடி நலத்துக்குக் குறைவில்லை.

கூலிக்கு வந்தவர்களை வட்டமாக உட்கார வைத்து என்ன பார்த்தாய், ஏது பார்த்தாய் என்று கேட்க இது என்ன பெண் பார்க்கிற வீடா? தப்பு செய்தவர்களுக்கு வாயைத் திறந்துவிட்டால் மண்ணைத்தான் குற்றம் சொல்வார்கள். அந்தக் கரிசலில்தான் நம் அப்பா பருத்தி எடுத்தார். மண் அவரிடம் ஒரு நாளும் கோளாறு செய்யவில்லை.

முடிவாக எழுதுகிறேன். முத்துத்தாயை நிறுத்த வேண்டும். மூட்டம் ரோட்டோரத்தில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் மரத்தை நின்றபடியே காரியாபட்டி வியாபாரி ஒருவருக்கு விற்றுவிடுகிறேன். அவர் தன் ஆட்களைக் கொண்டுவந்து வெட்டிக்கொள்வார். உங்களுக்கும் வேலை இல்லை, உங்கள் கூட்டத்துக்கும் வேலை இல்லை.

அந்த டீச்சர் அம்மாவைச் சொந்தமாக எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லவும்.
காளிராஜ்


எம்.ரெட்டியபட்டி
3.5.2024

தம்பிக்கு அண்ணன் சின்னச்சாமி.

நான் நன்றாகவே இருக்கிறேன். உன் கடிதத்தைக் கேட்ட பிறகு மூச்சிரைப்புகூட நின்றுவிட்டது.

முத்துத்தாயை நிறுத்த மாட்டேன். சொன்னால் கூப்பிடுவேன் என்று நாலு பேர் நடுவே வாக்குக் கொடுத்துத்தான் அவள் வாயைத் திறக்க வைத்தேன். இனி அவளை அனுப்பினால், அடுத்த வெடிப்பை என்னிடம் எவர் சொல்வார்? நீ சொல்வாயா, சோமனூரில் இருந்து?

மூட்டம் மேட்டுக்காட்டில்தான். விறகு ஏறிவிட்டது. லாரி ஏறாதென்றால் கரியைச் சாக்கில் கட்டி டிராக்டரில் இறக்கிக்கொள்கிறோம். கரி இருந்தால்தானே லாரி வேண்டும்.

மரத்தை விற்பதென்றால் உன் கையெழுத்தோடு என் கைநாட்டும் வேண்டும். எழுதத் தெரியாதவன்தான் நான். ஆனால் இந்தப் பெருவிரல் என் கையில் இருக்கிறது. வைக்க மாட்டேன் என்றால் வைக்க மாட்டேன். வியாபாரியை அனுப்பிப் பார்.

உன்னிடமும் அதையே கேட்கிறேன். ரோட்டோரம் என்று நீ முடிவு செய்தபோது என்ன பார்த்தாய்? வம்புக்குக் கேட்கவில்லை. மற்ற நாலு பேரிடமும் கேட்டுவிட்டேன், நீ ஒருத்தன்தான் பாக்கி. யோசித்து எழுது.

தங்கலட்சுமியைப் படி ஏற விடாதே.
சின்னச்சாமி

(கோகிலாம்பாள்: நான் சொந்தமாக எதுவும் எழுதவில்லை.)


எம்.ரெட்டியபட்டி
16.6.2024

தம்பிக்கு அண்ணன்.

உன்னிடம் இருந்து தபால் வரவில்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது மணி அடிப்பதையே விட்டுவிட்டார். உடம்பு சுகம்தானா என்று மட்டுமாவது எழுது. கோபத்தைத் தனியாக வைத்துக்கொள், அதில் நான் கை வைக்கவில்லை.

நீ எழுதவில்லையே தவிர, வியாபாரியை அனுப்பினாய். வந்தார். மோர் கொடுத்தேன். மரத்தை அளக்க டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கேட்டார். இல்லை என்றேன். ஒரு முனையைக் கருவை முள்ளில் மாட்டிவிட்டு அளந்து பார்த்தார், டேப்புதான் கிழிந்தது. போய்விட்டார்.

மேட்டுக்காட்டு மூட்டத்தைப் பிரித்துவிட்டோம். நடுவில் இருந்து வடக்கு வரை நல்ல கரி. தட்டினால் வெண்கலம் மாதிரிச் சத்தம். தெற்கு ஓரம் அரைவேக்காட்டுக் கட்டையாக நின்றுவிட்டது. முழு வெற்றி என்று உனக்கு நான் புளுக மாட்டேன்.

இந்தத் தடவையும் பிளந்தது, தெரியுமா? முத்துத்தாய் முறையில்தான். மத்தியான வெயிலில் மூட்டத்தைச் சுற்றிக்கொண்டே கத்தினாள். "வெடிப்பு! மேக்கால வெடிப்பு! நாந்தான் பாத்தேன், நாந்தான் சொல்றேன், எல்லாரும் ஓடியாங்க!" கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவது மாதிரி அத்தனை பெருமை. சோற்றுக் கையோடு ஓடினோம். அஞ்சு பேர் கை பட்டதும் அடங்கிவிட்டது.

தெற்கு ஓரம் வேகாததைப் பற்றி மறுபடியும் உட்கார்ந்தோம். நான் பழைய புத்தியில், "ஒழுங்கா அடுக்குனீகளா?" என்றேன். நாலு பேரும் "ஆமா" என்றார்கள். முத்துத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமான்னு சொல்லத்தான் அதுல வழி இருக்கு அண்ணாச்சி. எப்படி அடுக்குனீகன்னு கேளுங்க, வாயில வருதா பாப்போம்." அப்படிக் கேட்டேன். ஆளாளுக்குக் கையால் அடுக்கிக் காட்டினார்கள். பாலமணிகண்டன் தெற்கே பருத்த கட்டையாகப் போட்டிருக்கிறான், சுபத்ரா வடக்கே மெல்லிய சிம்பாகப் போட்டிருக்கிறாள். ஒருத்தர் அடுக்கியதை ஒருத்தர் அன்றைக்குத்தான் பார்த்தார்கள். அடுத்ததில் கலந்து அடுக்கிப் பார்க்கலாம் என்று பேச்சு. அதுவும் சரியா என்று எனக்குத் தெரியாது. பார்த்தால் தெரியும்.

நான் கேட்டது அங்கேயே நிற்கிறது. என்ன பார்த்தாய்?
சின்னச்சாமி


சோமனூர்
7.7.2024

அண்ணனுக்குக் காளிராஜ்.

தங்கலட்சுமிக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறது. எழுந்து நடக்கிறாள், என்னை வைகிறாள். அவள் வைவது எனக்குக் கேட்காது என்று தெரிந்தே வைகிறாள். மதினி சுகமா? உங்கள் மூச்சுக்கு மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் பழைய செட்டில் ஒரு பையனுக்கு நிச்சயதார்த்தம். போயிருந்தேன். என் கீழே தறி ஓட்டிய ஜெகதீஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்தான். சும்மா பேச்சுக்கு, "எனக்குக் காது போனது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றேன். அவன் போனில் தட்டிக் காட்டினான். ரொம்ப நாளாகவே தெரியுமாம். செட்டில் எல்லோருக்கும் தெரியுமாம். நான்தான் கடைசி ஆள். அப்போதே சொல்லியிருந்தால் டாக்டரிடம் போயிருப்பேனே, ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். பந்தியே திரும்பிப் பார்த்திருக்கிறது. அவன் மறுபடி தட்டினான்: "சொன்னா, இப்படி எவன் சொன்னான்னு கேப்பீங்க மேஸ்திரி. அதான் ஒருத்தரும் சொல்லல."

சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். ரோட்டோரம் என்று எழுதியபோது நான் பார்த்தது லாரியை. மண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் காட்டில் நான் கால் வைத்துப் பல வருசம் ஆகிறது. அதுதான் உண்மை. இதை உங்கள் கூட்டத்துக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

வியாபாரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் முத்துத்தாய் விஷயத்தை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடி பிறந்ததும் வருகிறேன். அடுத்த மூட்டத்தை நானே மேற்பார்வை பார்த்துவிட்டு, யாரை வைத்துக்கொள்வது என்று சொல்கிறேன்.
காளிராஜ்


எம்.ரெட்டியபட்டி
18.7.2024

தம்பி காளிராஜுக்கு அண்ணன் சின்னச்சாமி.

தங்கலட்சுமி எழுந்து நடப்பது கேட்டுக் கருத்தம்மாளுக்குச் சந்தோசம். நான் மருந்து சாப்பிடுகிறேன். ஆடிக் காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கிறது. அதற்கு மருந்து இல்லை.

உன் கடிதத்தைக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். வேண்டாம் என்று நீ எழுதிய வரியையும் சேர்த்தே டீச்சர் வாசித்தார். அவர்கள் பார்த்ததை எல்லாம் உனக்கு எழுதினேன். நீ பார்த்ததை அவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் அது என்ன நியாயம்? கோபப்படுவதென்றால் நேரில் வந்து படு.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அருஞ்சுனை மட்டும், "அவுக லாரியப் பாத்தாக, நம்ம வெடிப்பப் பாத்தோம், மண்ண ஒருத்தரும் பாக்கல. சரியாப் போச்சு" என்றான். உன்னையும் எங்களோடு சேர்த்துச் சொன்னான், கவனித்துக்கொள்.

மேற்பார்வை விஷயத்தில்தான் சத்தம் வந்தது. முத்துத்தாய் எழுந்து நின்றாள்.

"மேற்பார்வைக்கு இங்க எடமில்ல அண்ணாச்சி. காவலுக்கு எடமிருக்கு. வரச் சொல்லுங்க. வந்து எங்க கூட மொறை பாக்கட்டும். என்ன வச்சுக்கிறதா வேணாமாங்கறத அதுக்கப்புறம் பேசிக்கிறலாம், அதுவும் எம் முன்னாடி."

"அவனுக்குக் காது கேக்காது தாயி" என்றேன்.

"கண்ணு தெரியுமில்ல? மூட்டம் என்ன பேசவா போகுது?"

அவள் சொன்னதுதான் என் சொல்லும். வா. உனக்கு முத்துத்தாய்க்கு அடுத்த முறை போட்டிருக்கிறோம். முறை மாறும்போது அவள் தான் பார்த்ததை உன்னிடம் கையைக் காட்டிச் சொல்வாள். நீ பார்த்ததை அருஞ்சுனையிடம் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வெடிப்பைக் கண்டால் மண்ணை அப்பி மறைக்காதே. கத்து. ஊர் கேட்கக் கத்து. யாரும் உன்னை வைய மாட்டார்கள்.

பயப்படாமல் வா. உன் முறையில் பிளந்தாலும் அடுத்த மூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடுவோம்.

பழைய வேட்டி எடுத்துக்கொண்டு வா.
சின்னச்சாமி